ஆகாயத்தில் ஒரு பூதக்கண்ணாடி

"கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரித்ததே மெய்" என்பது நம் நாட்டுப் பழமொழி. ஊர் வம்புக்கும் வழக்கு விவகாரத்துக்கும் ஏற்பட்ட பழமொழி இது என்றுதான் சாதாரணமாக எண்ணுவார்கள். ஆனால் இக்காலத்து வான சாஸ்திரிகள் செய்து வரும் காரியங்களைக் கவனித்தால், இதையே மூல மந்திரமாகக் கொண்டு அவர்கள் வேலை செய்கிறார்களோ என்று தோன்றுகிறது. அவர்கள் ஆகாயத்தில் காண்பதில் ஒரு பகுதி சுத்தப் பொய். அந்தப் பொய்யைத் தீர விசாரித்துத்தான், வேறு எவ்வகையாலும் அறிய முடியாத சில மெய்களை அவர்கள் அறிந்து வருகிறார்கள். அந்த விசாரணையின் வரலாற்றை இவ்வாரம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

2022-ஆம் வருஷம் ஜூலை மாதம் 11-ஆம் தேதியன்று, அமெரிக்க ஜனாதிபதியின் மாளிகையில் ஒரு படம் வெளியிடப்பட்டது. ஜேம்ஸ் வெப் என்னும் விண்வெளித் தூரதிருஷ்டிக் கண்ணாடி எடுத்தனுப்பிய படங்களில் முதன் முதலாக உலகத்துக்குக் காட்டப்பட்ட வண்ணப் படம் அதுவே. கையை நீட்டி, விரல் நுனியில் ஒரு மணல் துகளை வைத்துக் கொண்டால், அத்துகள் ஆகாயத்தில் எவ்வளவு இடத்தை மறைக்குமோ, அவ்வளவு இடத்தின் படம் அது. அந்தச் சிறு இடத்துக்குள் ஆயிரக்கணக்கான நட்சத்திர மண்டலங்கள் தெரிந்தன. ஒவ்வொரு மண்டலமும் கோடானு கோடி சூரியர்களைக் கொண்டது என்பதை நினைத்தால் நமக்குத் தலை சுற்றுகிறது.

அப்படத்தை நிதானமாகப் பார்த்தவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டிருப்பார்கள். நடுவில் வெண்ணிறமான மண்டலங்கள் கொத்தாகத் திரண்டிருக்கின்றன. அவற்றைச் சுற்றிலும் செந்நிறமான கீற்றுகள், வில்லைப் போல் வளைந்து, நடுமையத்தை வலம் வருவன போல் அமைந்திருக்கின்றன. ஈரம் காயாத படத்தின்மேல் யாரோ விரலால் இழுத்து விட்டாற்போல் இருக்கிறது. கருவியில் ஏதேனும் கோளாறா? அல்லது அம்மண்டலங்களே அப்படி வளைந்தவையா? இரண்டும் இல்லை. அக்கீற்றுகள் கொத்துக்கு வெகு தூரம் பின்னால் இருக்கும் வேறு மண்டலங்களின் உருவங்கள். அவற்றின் ஒளி நம்மிடம் வரும் வழியில், நடுவிலுள்ள கொத்தின் ஆகர்ஷண சக்தியால் வளைக்கப்பட்டு, பெரிதாக்கப்பட்டு, உருக்குலைந்து வந்து சேர்ந்திருக்கிறது. கண்ணாடிக் கடையில் விற்கும் பூதக்கண்ணாடி செய்யும் வேலையை, ஆகாயத்தில் ஆகர்ஷண சக்தி செய்திருக்கிறது. இதற்கு 'ஈர்ப்பு வில்லை' என்று பெயர்.

ஒளி நேர்க்கோட்டில் செல்லும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். பெரும்பாலான காரியங்களுக்கு அந்தப் பாடம் போதும். ஆனால் பெரும் பொருளின் அருகே செல்லும் ஒளி சிறிது வளையும் என்ற சந்தேகம் மிகப் பழையது. ஜெர்மனி தேசத்து ஸோல்ட்னர் என்பவர் 1801-லேயே, நியூட்டனுடைய விதியைக் கொண்டு, சூரியனின் விளிம்பை உரசிச் செல்லும் நட்சத்திர ஒளி எவ்வளவு வளையும் என்று கணக்கிட்டார். அக்கணக்கு எவர் கவனத்தையும் கவராமல் கிடந்தது. 1911-ல் ஐன்ஸ்டீன் தாமாகவே யோசித்து ஏறக்குறைய அதே விடையைக் கண்டார். பிறகு 1915-ல் தமது பொதுச் சார்பியல் தத்துவத்தைப் பூர்த்தி செய்தபோது, வளைவு முன் சொன்னதைப் போல் இரு மடங்கு இருக்க வேண்டும் என்று திருத்திக் கொண்டார்.

அந்த வளைவின் அளவு எவ்வளவு தெரியுமா? ஒரு பாகையை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விகலை. ஐன்ஸ்டீன் சொன்ன வளைவு ஒன்றே முக்கால் விகலை. இரண்டரை சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு நாணயத்தைச் சுமார் 3 கிலோமீட்டருக்கு அப்பால் வைத்துப் பார்த்தால், அது எவ்வளவு சிறிதாகத் தெரியுமோ அவ்வளவுதான். இதை எப்படிச் சோதிப்பது? பகலில் சூரியனுக்கு அருகிலுள்ள நட்சத்திரங்கள் தெரியா. ஆகவே பூரண சூரிய கிரகணத்துக்குக் காத்திருக்க வேண்டும். 1912-ல் பிரேஸில் தேசத்தில் காத்திருந்தவர்களை மழை ஏமாற்றிற்று. 1914-ல் கிரிமியாவுக்குச் சென்ற ஜெர்மானியக் கூட்டத்தினரை, உலக யுத்தம் மூண்டதால், ருஷ்யர்கள் சிறைப்படுத்தினார்கள். ஒருவகையில் அது ஐன்ஸ்டீனுடைய அதிருஷ்டம் என்றே சொல்ல வேண்டும். அன்று அளந்திருந்தால், அவருடைய பழைய கணக்கு, உண்மையில் பாதி அளவுதான் என்று அம்பலமாகியிருக்கும்!

கடைசியில் 1919-ஆம் வருஷம் மே மாதம் 29-ஆம் தேதி நேர்ந்த கிரகணத்தை, ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள பிரின்ஸிபே தீவிலிருந்து எடிங்டனும், பிரேஸிலிலுள்ள ஸோப்ரால் என்னும் ஊரிலிருந்து மற்றொரு கூட்டத்தினரும் படம் பிடித்தார்கள். அன்று சூரியன், ரோகிணிக்கு அருகிலுள்ள நட்சத்திரக் கூட்டத்தின் முன்னே நின்றது. ஒளி பொருந்திய நட்சத்திரங்கள் அவ்விடத்தில் பல உண்டாதலால் அளப்பதற்கு வசதியாயிற்று. நட்சத்திரங்கள் இடம் பெயர்ந்து தெரிந்தன. பெயர்ச்சியின் அளவும் ஐன்ஸ்டீனின் திருந்திய கணக்குக்கு இசைந்திருந்தது. நவம்பர் மாதம் 6-ஆம் தேதி லண்டனில் முடிவு வெளியாயிற்று. யுத்தம் ஓய்ந்து ஓராண்டு கூட ஆகவில்லை. பெர்லினில் இருந்த ஒருவரின் தத்துவத்தை இங்கிலாந்து தேசத்தார் மெய்ப்பித்தார்கள்! அடுத்த வருஷமே, கல்கத்தா சர்வகலாசாலை, ஐன்ஸ்டீனுடைய மூலக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் புத்தகமாக வெளியிட்டது. ஜெர்மன் பாஷையிலிருந்து அவற்றைப் பெயர்த்தவர்கள், அப்போது இருபத்தைந்து, இருபத்தாறு வயதே ஆகியிருந்த சத்யேந்திரநாத் போஸும் மேகநாத் சாஹாவும் ஆவர். இதை நம் இளைஞர்கள் மறக்கலாகாது.

ஒளி வளைகிறது என்றால், வளைக்கும் பொருள் ஒரு கண்ணாடி வில்லையைப் போல் வேலை செய்யும் அல்லவா? இக்கேள்வியைப் பிடிவாதமாகக் கேட்டுக் கொண்டிருந்தவர் ரூடி மாண்டல் என்னும் செக் நாட்டுப் பொறியாளர். அவர் எந்தச் சர்வகலாசாலையிலும் பதவி வகித்தவரல்லர். பல விஞ்ஞானிகளிடம் சென்று, "ஒரு நட்சத்திரத்துக்கு நேர் பின்னால் இன்னொரு நட்சத்திரம் இருந்தால், முன்னது பின்னதன் ஒளியைக் குவித்துக் காட்டாதா?" என்று கேட்டார். அநேகர் காது கொடுக்கவில்லை. விஞ்ஞானச் செய்தி நிறுவனம் ஒன்று வழிச்செலவுக்குக் கொஞ்சம் பணம் கொடுக்க, 1936-ல் அவர் பிரின்ஸ்டன் நகரத்துக்குப் போய் ஐன்ஸ்டீனையே கண்டார். அவருடைய தொந்தரவுக்கு இணங்கி, ஐன்ஸ்டீன் கணக்கைச் செய்து, அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் 'ஸயன்ஸ்' பத்திரிகையில் ஒரு சிறு குறிப்பாகப் பிரசுரித்தார். குறிப்பின் தொடக்கத்திலேயே மாண்டலின் வேண்டுகோளை ஒப்புக் கொண்டிருக்கிறார். இவ்விந்தையை நேரில் காண வாய்ப்பு ஏறக்குறைய இல்லை என்றும் அதில் எழுதினார். இதிலுள்ள வேடிக்கை என்னவெனில், 1912-ஆம் ஆண்டைச் சேர்ந்த அவருடைய குறிப்புப் புத்தகம் ஒன்றில் இதே கணக்கு காணப்படுகிறது. பயன்படாது என்று கருதி அவரே ஒதுக்கி வைத்திருந்த விஷயத்தை, அந்தஸ்து ஏதுமில்லாத ஒருவர் வந்து வெளியே இழுத்தார்!

மேதைகளின் வாக்கும் தீர விசாரிக்கத் தக்கதே. அடுத்த ஆண்டே, 1937-ல், அமெரிக்காவில் இருந்த ஸ்விட்ஜர்லாந்துக்காரரான ஸ்விக்கி, "தனி நட்சத்திரத்தை ஏன் வில்லையாகக் கொள்ள வேண்டும்? ஒரு நட்சத்திர மண்டலத்தையே கொள்ளலாமே! அது பெரிய பொருள், தவிரவும், அதன் பின்னால் வேறொரு மண்டலம் நேருக்கு நேர் அமைவது சகஜம்" என்ற கருத்தை வெளியிட்டார். அவர் சொன்னது நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்துப் பலித்தது. 1979-ல், ஸப்தரிஷி மண்டலம் இருக்கும் திசையில், ஆறு விகலை இடைவெளியில் இரண்டு குவாசர்கள் அருகருகே இருக்கக் கண்டார்கள். குவாசர் என்பது வெகு தூரத்து மண்டலம் ஒன்றின் மிகப் பிரகாசமான நடுமையம். இவ்விரண்டின் ஒளியையும் நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தபோது, கைரேகை போல் ஒன்றுக்கொன்று ஒத்திருந்தது. அவை இரண்டல்ல; ஒன்றே இரண்டாகத் தெரிந்தது. நடுவில் ஒரு மண்டலம் வில்லையாக நின்றது. ஐன்ஸ்டீன் 1955-லும் ஸ்விக்கி 1974-லும் காலமாகி விட்டார்கள். அவ்விருவருக்கும் இதைக் காணக் கொடுத்து வைக்கவில்லை.

ஆகர்ஷண வில்லைக்கும் கண்ணாடி வில்லைக்கும் இரண்டு முக்கியமான வித்தியாசங்கள் உண்டு. கண்ணாடி வில்லை விளிம்பில் அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் ஒளியை வளைக்கும். அதனால் ஒளி ஒரு புள்ளியில் குவிந்து, தெளிவான உருவம் கிடைக்கிறது. ஆகர்ஷணமோ பொருளின் அருகே அதிகமாகவும், விலக விலகக் குறைவாகவும் வளைக்கும். அதனால் ஒளி ஒரு புள்ளியில் கூடுவதில்லை. பின்னாலுள்ள பொருள் நேர் பின்னால் இருந்தால் வளையமாகவும், சற்று விலகியிருந்தால் வில்லாகவும், சில சமயங்களில் இரண்டு நான்கு உருவங்களாகவும் தெரிகிறது. வீட்டில் தடித்த அடிப்பாகமுள்ள கண்ணாடித் தம்ளர் இருந்தால், இருட்டறையில் ஓர் அகல் விளக்கை ஏற்றி வைத்து, தம்ளரின் அடிவழியே சுடரைப் பாருங்கள். தம்ளரை அசைக்க அசைக்க, சுடர் கீற்றாக நீளுவதையும் உடைந்து பிரிவதையும் காணலாம். சூரியனை மட்டும் இப்படிப் பார்க்கலாகாது. குழந்தைகளுக்கு இதை எச்சரித்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வித்தியாசம், கண்ணாடி நிறத்துக்கு நிறம் வெவ்வேறு அளவாக வளைக்கும். முக்கோணக் கண்ணாடியில் வானவில் தெரிவது அதனால்தான். ஆகர்ஷணத்துக்கு அந்தப் பாரபட்சம் கிடையாது. நீலம், சிவப்பு, ரேடியோ அலை, எக்ஸ்ரே ஆகிய எல்லாவற்றையும் ஒரே அளவாக வளைக்கிறது. ஆகவே வளைய உருவம் முதன் முதலில் 1988-ல் ரேடியோ அலைகளைக் கொண்டே காணப்பட்டது. 1884 முதல் வான சாஸ்திரிகள் அறிந்திருந்த ஒரு மண்டலத்தைச் சுற்றி இத்தகைய அழகான வளையம் ஒன்று இருப்பதை, ஐரோப்பியரின் 'யூக்ளிட்' விண்வெளித் தூரதிருஷ்டி கண்டதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அம்மண்டலம் 59 கோடி ஒளியாண்டு தூரத்திலும், வளையமாகத் தெரியும் மண்டலம் 442 கோடி ஒளியாண்டு தூரத்திலும் இருக்கின்றன. ஓர் ஒளியாண்டு என்பது சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர்.

இனி, இவ்வளவு பெரிய கண்ணாடியை ஆகாயம் இலவசமாகக் கொடுத்திருக்கும்போது, மனிதன் வேறு கோடிக்கணக்கில் செலவழித்து அகச்சிவப்புத் தூரதிருஷ்டி செய்வானேன் என்று கேட்கலாம். மூக்குக் கண்ணாடி இருந்தால் மட்டும் போதுமா? பார்க்கக் கண் வேண்டாமா?

அகச்சிவப்புக் கதிர் என்பது நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி. 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முக்கோணக் கண்ணாடியால் நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் உஷ்ணமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், நிறமே இல்லாத இடத்திலும் உஷ்ணம் ஏறியது. கண்ணுக்குப் புலப்படாத ஒளி அங்கே விழுகிறது என்று அறிந்தார். பிரபஞ்சம் நாளுக்கு நாள் விரிந்து கொண்டிருக்கிறது. அந்த விரிவோடு, வழியில் வரும் ஒளியின் அலையும் நீள்கிறது. அதிதூர மண்டலங்கள் நீலமும் ஊதாவுமாக அனுப்பிய ஒளி, நம்மை அடைவதற்குள் எட்டு, ஒன்பது மடங்கு நீண்டு, அகச்சிவப்பாகி விடுகிறது. சாதாரணத் தூரதிருஷ்டி எவ்வளவு பெரிதாயினும் அதைக் காணாது. பூமியின் காற்றிலுள்ள நீராவியோ அக்கதிர்களில் பெரும்பகுதியை விழுங்கி விடும். ஆகவேதான் கருவியை விண்வெளிக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது.

அதிலும் ஒரு சங்கடம். உஷ்ணமுள்ள எல்லாப் பொருளும் அகச்சிவப்பை வீசும், தூரதிருஷ்டியும் விலக்கல்ல. கருவியே சூடாக இருந்தால், தன் வெளிச்சத்திலேயே தான் குருடாகி விடும். 2021 டிசம்பர் 25-ஆம் தேதி தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து புறப்பட்ட வெப் தூரதிருஷ்டியை, இதற்காகவே பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிறுத்தியிருக்கிறார்கள். டென்னிஸ் மைதானம் அளவுள்ள ஐந்தடுக்குத் திரை சூரிய வெப்பத்தை மறைக்கிறது. திரையின் நிழலில், பூஜ்யத்துக்குக் கீழ் 220 டிகிரிக்கும் அதிகமான குளிரில், பொன் முலாம் பூசிய பதினெட்டு அறுகோணத் துண்டுகளாலான ஆறரை மீட்டர் அகலமுள்ள ஆடி, ஒளியைச் சேகரிக்கிறது. 2003-ல் அனுப்பப்பட்டு 2020-ல் ஓய்வு பெற்ற 'ஸ்பிட்ஸர்' என்னும் அகச்சிவப்புத் தூரதிருஷ்டியின் ஆடி 85 சென்டிமீட்டர்தான் என்பதை நினைத்தால், இதன் பெருமை விளங்கும்.

கண்ணுக்குத் தெரியாத கதிர் என்றால், படத்தில் நிறங்கள் எங்கிருந்து வந்தன? இது நியாயமான கேள்வி. நீளம் குறைந்த அகச்சிவப்பு அலைகளுக்கு நீலமும், நீளம் மிகுந்தவற்றுக்குச் சிவப்பும் கொடுத்துப் படத்தை அமைக்கிறார்கள். இது சாயம் பூசி ஏமாற்றுவதன்று. ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் பாட்டை, நம் சாரீரத்துக்கு எட்டும்படி ஒன்றரைக் கட்டைக்கு இறக்கிப் பாடினால், ராகம் மாறி விடுமா? ஸ்வரங்களுக்கு இடையேயுள்ள உறவு அப்படியே இருக்கிறதல்லவா? அது போன்றதே இது.

ஆகாயத்தின் பூதக்கண்ணாடியும் மனிதனின் அகச்சிவப்புக் கண்ணும் ஒன்று சேர்ந்ததால் தெரிந்தவை பல. மூன்றை மட்டும் சொல்லுகிறோம். முதலாவது, 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட ஒரு குழந்தை மண்டலம். பிரபஞ்சத்துக்கு வயது சுமார் 1380 கோடி ஆண்டுகள். அதற்கு 60 கோடி ஆண்டு வயதாகியிருந்தபோது இம்மண்டலத்திலிருந்து புறப்பட்ட ஒளி, ஒரு பெருங்கொத்தின் ஆகர்ஷணத்தால் நீண்ட கீற்றாக விரிந்து வந்தது. அவ்விரிவினால், உள்ளே பத்து நட்சத்திரக் கூட்டங்கள் தனித் தனியாக மினுக்குவது தெரிந்தது. கண்டவர்கள் மின்மினியின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். நாம் வாழும் பால்வீதி மண்டலமும் தன் இளமையில் ஏறக்குறைய இந்த எடையோடுதான் இருந்திருக்க வேண்டுமாம். வில்லை இல்லாவிட்டால் இது மங்கலான ஒரே புள்ளியாகத்தான் தெரிந்திருக்கும்.

இரண்டாவது, 1200 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால், வளையமாகத் தெரியும் ஒரு மண்டலத்தில், 2023-ல் சிக்கலான கரிம மூலக்கூறுகளைக் கண்டார்கள். விறகடுப்பின் புகையிலும் கரியிலும் இருக்கும் வகையைச் சேர்ந்தவை அவை. பிரபஞ்சத்துக்கு நூற்றைம்பது கோடி ஆண்டு வயதாகுமுன்பே அங்கே 'புகை' இருந்திருக்கிறது!

மூன்றாவதை நாம் சற்றுப் பெருமையோடு சொல்லுவோம். 'அலகநந்தா' என்னும் சுருள் மண்டலத்தைப் புனா நகரிலுள்ள தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்தைச் சேர்ந்த ராசி ஜெயின், யோகேஷ் வாடதேகர் ஆகிய இருவர் கண்டதாக 2025 நவம்பரில் செய்தி வந்தது. பிரபஞ்சம் தோன்றி சுமார் 150 கோடி ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், நம் பால்வீதியைப் போல் இரு கைகள் சுற்றிச் சுழலும் ஒழுங்கான மண்டலம் அது. குறுக்களவு சுமார் 30,000 ஒளியாண்டு. அவ்வளவு சீக்கிரம் இவ்வளவு ஒழுங்கு அமையும் என்று பலர் எதிர்பார்க்கவில்லை. முன்னேயுள்ள ஒரு மண்டலக் கொத்தின் ஆகர்ஷணம் அதைச் சுமார் இரு மடங்கு பிரகாசமாக்கிக் கொடுத்தது. ஹிமாலயத்து நதி ஒன்றின் பெயர் ஆகாயத்தில் பொறிக்கப்பட்டதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அதைவிடக் கவனிக்க வேண்டியது வேறு. அவ்விருவரும் அதை எல்லோருக்கும் திறந்து வைக்கப்பட்ட வெப் படங்களில் தேடிக் கண்டெடுத்தார்கள்.

இவ்வில்லையின் உபயோகம் தூரத்துப் பொருளைக் காட்டுவதோடு நிற்கவில்லை. தன்னையே நிறுத்துக் காட்டும் தராசாகவும் அது பயன்படுகிறது. ஒளி எவ்வளவு வளைந்திருக்கிறது என்று அளந்தால், வளைத்த பொருளின் எடை தெரிந்து விடும். அப்படி நிறுத்துப் பார்த்ததில், கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களையும் வாயுவையும்போல் ஐந்தாறு மடங்கு எடை காணாத பொருளாக இருக்கிறது. இதை இருட்பொருள் என்கிறார்கள். 1933-லேயே ஸ்விக்கி வேறு வழியில் இதைச் சந்தேகித்தார். இரண்டு மண்டலக் கொத்துகள் ஒன்றோடொன்று மோதி ஊடுருவிச் சென்ற ஓரிடத்தைப் பற்றி 2006-ல் வெளியான ஆராய்ச்சி வலுவான சாட்சியாயிற்று. மோதலில் கொதித்த வாயு நடுவில் தங்கி விட்டது. அதை எக்ஸ்ரே தூரதிருஷ்டி காட்டிற்று. ஆனால் ஒளியை வளைக்கும் எடையோ வாயுவை விட்டுப் பிரிந்து, இரு புறமும் முன்னே போய் நின்றது. அந்த எக்ஸ்ரே தூரதிருஷ்டிக்கு 'சந்திரா' என்று பெயர். சென்னை ராஜதானிக் கல்லூரியில் படித்து, 1983-ல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் ஞாபகார்த்தமாக இடப்பட்ட பெயர். அதே இடத்தை வெப் தூரதிருஷ்டி மறுபடி பார்த்து, இன்னும் நுட்பமான எடைக் கணக்கை 2025-ல் கொடுத்தது.

"இதெல்லாம் கணக்குப் பிள்ளைகளின் ஜோடனை அல்ல என்று எப்படித் தெரியும்?" என்று ஒருவர் கேட்டால், அவரைக் கோபிக்க வேண்டாம். அவரே நல்ல மாணாக்கர். அவருக்கு ஒரு வரலாற்றைச் சொல்லலாம். ஓர் ஊரிலிருந்து இருவர் ஒரே வேளையில் புறப்பட்டு, வழியிலுள்ள குன்றை ஒருவர் வலப்புறமாகவும் மற்றவர் இடப்புறமாகவும் சுற்றி வந்தால், நம் ஊருக்கு ஒரே வேளையில் வந்து சேர வேண்டும் என்பதில்லை. ஒளியும் அப்படியே. 1979-ல் கண்ட இரட்டைக் குவாசரில், ஓர் உருவம் மற்றதைவிட 417 நாள் பிந்தி வருகிறது. வெடித்துப் பிரகாசிக்கும் நட்சத்திரம் ஒன்று இப்படி வில்லைக்குப் பின்னால் அகப்பட்டால், அதன் ஒளி வெவ்வேறு நாட்களில் வரும். அதைக் கொண்டு பிரபஞ்சம் விரியும் வேகத்தையே அளக்கலாம் என்று 1964-ல் நார்வே தேசத்து ரெஃப்ஸ்டால் எழுதினார். ஐம்பது ஆண்டுகள் சென்றன. 2014 நவம்பரில், ஹப்பிள் தூரதிருஷ்டியின் படத்தில், ஒரு வெடி நட்சத்திரம் நான்கு உருவங்களாகத் தோன்றிற்று.

உடனே பல குழுவினர் தனித் தனியே கணக்கிட்டார்கள். "இதே நட்சத்திரம், இன்ன இடத்தில், ஏறக்குறைய ஓராண்டுக்குள் மறுபடியும் தோன்றும்" என்று முன்கூட்டியே எழுதி வெளியிட்டார்கள். பொய்த்துப் போனால் மறைக்க வழியில்லை. கணக்கில் முக்கியமான பங்கு, எவரும் கண்டறியாத இருட்பொருளுடையது. ஹப்பிளைத் திரும்பத் திரும்ப அந்த இடத்துக்குத் திருப்பி வைத்துக் காத்திருந்தார்கள். 2015 டிசம்பர் 11-ஆம் தேதி எடுத்த படத்தில், முன்பு ஒன்றுமில்லாத இடத்தில், சொன்னபடியே ஒரு புள்ளி ஒளிர்ந்தது! வெடித்த நட்சத்திரத்தின் மரணத்தை மனிதர் நாள் குறித்துப் பார்த்தது அதுவே முதல் தடவை. அதற்கு ரெஃப்ஸ்டாலின் பெயரையே வைத்தார்கள். அவர் 2009-ல் காலமானவர்.

ஆயினும் எல்லா வழக்கும் தீர்ந்து விடவில்லை. பிரபஞ்சம் விரியும் வேகத்தை ஒரு முறையால் அளந்தால் 67 என்றும், மற்றொரு முறையால் அளந்தால் 73 என்றும் விடை வருகிறது. மூன்றாவது சாட்சியாக வில்லைகளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு வெடி நட்சத்திரத்தின் வாக்குமூலம் முதற்கட்சிக்கும், மற்றொன்றினுடையது இரண்டாம் கட்சிக்கும் அனுகூலமாக இருக்கிறது! தீர்ப்புக்கு அவசரப்படாமல் இன்னும் சாட்சிகளைத் தேடுகிறார்கள். விஞ்ஞானத்தின் கௌரவம் இந்த நிதானத்தில்தான் இருக்கிறது.

இதனால் நமக்கு என்ன பயன் என்று இல்லத்தரசிகளும் பெரியோர்களும் கேட்கக் கூடும். அடுப்பு எரிய இது உதவாது, உண்மைதான். ஆனால் இந்நாளில் நம் வீடுகளுக்குள் படங்கள் வெள்ளம் போல் வந்து நுழைகின்றன. கைக்கருவியைத் திறந்தால் ஆயிரம் காட்சிகள். ஒவ்வொன்றும் "கண்ணாரக் காண், நம்பு" என்கிறது. ஒரு படத்தைக் கண்டதும், இது எந்த வழியாக வந்தது, வழியில் எது இதை வளைத்தது, நிறம் யார் கொடுத்தது, இதே செய்தி வேறு வழியிலும் வந்திருக்கிறதா என்று கேட்கும் பழக்கத்தை வான சாஸ்திரிகளிடம் நாம் கற்றுக் கொள்ளலாம். படத்தை வெறுத்து ஒதுக்குவதும் அறிவீனம். அப்படியே விழுங்குவதும் அறிவீனம். வளைவை அறிந்தவனுக்கு வளைந்த படமும் பயன்படும்.

மற்றொன்றும் சொல்லி முடிப்போம். பெரிய தூரதிருஷ்டி நம்மிடம் இல்லையே என்று ஏங்கி உட்கார்ந்திருந்த காலம் போயிற்று. படங்கள் திறந்து கிடக்கின்றன. ஆகாயத்தின் பூதக்கண்ணாடி எந்த தேசத்துக்கும் தனிச் சொத்தல்ல. வேண்டுவது கணக்கில் பயிற்சியும், சளைக்காமல் கேட்கும் மனமுமே. நம் பள்ளிகளில் கேள்வி கேட்கும் பிள்ளையை "உட்கார், பாடத்தில் இல்லை" என்று அடக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஐன்ஸ்டீனே பயனில்லை என்று ஒதுக்கியதை, பதவி ஏதும் இல்லாத ஒருவர் விடாமல் கேட்டதனால் அல்லவா உலகம் எழுத்தில் கண்டது? நம் வகுப்பில் எழுந்து நிற்கும் பிள்ளைக்கு விடை தெரியாவிட்டால், அவனோடு, அல்லது அவளோடு, சேர்ந்து தேடுவோம். நிற்கிறபடியே நிற்கட்டும், உட்காரச் சொல்ல வேண்டாம்.